லெஸ்டரின் கோடு

மினா ஹோல்கம் வகுப்பெடுக்கும்போது இரண்டு கைகளும் ஏப்ரன் பைக்குள் இருக்கும். மாணவிகளின் மேசைகளுக்கு நடுவே மெதுவாக நடப்பாள். குனிந்து பார்ப்பாள். தாடையை நீட்டிக் காட்டுவாள். "அந்த முழங்கைக்குக் கீழ பாரு. அங்க எலும்பு இருக்கா?" என்பாள். கையை மட்டும் வெளியே எடுக்கமாட்டாள்.

கிளீவ்லண்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில், இரண்டாம் உலகப் போர் முடிந்த வருடத்திலிருந்து அவள் ஓவியமும் கல்லச்சும் சொல்லிக்கொடுத்தாள். பள்ளியின் அடித்தளத்தில், கொதிகலன் அறைக்கு அடுத்தாற்போல், ஒரு பழைய அச்சுப்பொறியும் சில சுண்ணாம்புக் கற்களும் இருந்தன. கல்லின் மேல் கொழுப்புக் குச்சியால் வரைந்து, பிசினும் அமிலமும் பூசி, ஈரப்படுத்தி, மசி உருட்டித் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு வரும். வேண்டிய பிரதிகளை எடுத்த பிறகு மணலும் தண்ணீரும் விட்டுக் கல்லைத் தேய்த்துவிட வேண்டும். அடுத்தவள் அதில் வரைவாள்.

யூனிஸ் கேட்லின் என்று ஒரு பெண். பதினாறு வயது. நன்றாக வரைவாள், பொறுமை கிடையாது. ஒருநாள் குச்சியை மேசையில் போட்டாள்.

"ஒரே ஒரு கோடு, மிஸ்ஸஸ் ஹோல்கம். இந்தத் தோள்பட்டை மட்டும். நீங்க போட்டுக் காட்டுங்க, நான் பாத்துட்டுச் சுரண்டி எடுத்துட்டு மறுபடி போட்டுக்கறேன்."

"எங்க தப்புன்னு சொல்றேன். போட வேண்டியது நீ."

"எங்க தப்புன்னு எனக்கே தெரியுதே! எப்படிச் சரிபண்றதுன்னுதான் தெரியல."

"அப்ப தப்பாவே இருக்கட்டும்."

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "விடுடி. டீச்சர் நகத்துல மசி ஒட்டிக்கும்."

வகுப்பு சிரித்தது. மினாவும் சிரித்தாள். கைகள் பைக்குள்ளேயே இருந்தன. யூனிஸ் அந்தத் தோளைத் தப்பாகவே அச்சடித்தாள். வருடம் முடியும்வரை டீச்சரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

யாருடைய கோட்டையும் போட மினாவுக்கு வரும். அதுதான் விஷயம். ஒரு பெண் வரைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், அவள் விட்ட இடத்திலிருந்து இவள் தொடரலாம், ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவிக்கு அப்படிச் செய்துகொடுத்தாள். மறுநாள் அந்தப் பெண் தன் படத்தைப் பார்த்து, எது தான் போட்டது எது டீச்சர் போட்டது என்று தெரியாமல் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் மினாவுக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகுதான் கைகளைப் பைக்குள் போட்டது.

அவளுக்கு இது எப்படி வந்தது என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது.

மினாவின் அப்பா பாலிண்ட் ஹங்கேரியிலிருந்து வந்தவர். வார்ப்பட ஆலையில் மண் அச்சுப் பிடிக்கிற வேலை. பக்கை ரோட்டில், மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மகள் ஓவியப் பள்ளிக்கு உதவித்தொகை வாங்கிப் போனபோது, "சுவருக்கு வண்ணம் அடிக்கவா?" என்று கேட்டார். அங்கேதான் லெஸ்டர் ஹோல்கமைப் பார்த்தாள். ஓஹையோவின் தென்கோடியிலிருந்து வந்த விவசாயி மகன். உயரம், மெலிவு, பேச ஆரம்பிக்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்வான். கல்லச்சில் வகுப்பிலேயே இரண்டு பேர்தான் தேறுவார்கள் என்று வாத்தியார் சொன்னார். அந்த இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டு பக்கை ரோட்டு வீட்டு மாடியிலேயே குடியிருந்தார்கள். கையில் வேலை இல்லை. நாட்டில் யாருக்கும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் அரசாங்கம் ஓவியர்களுக்கும் நிவாரண வேலை தந்தது. பதிய இருவரும் சேர்ந்தே போனார்கள். நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு போகாதே, பட்டினி தெரியாது என்று லெஸ்டர் சொல்லியிருந்தான். மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் தலையைத் தூக்காமல் கேட்டான்.

"வீட்டுக்கு ஒருத்தர்தான். ரெண்டு பேர்ல யாரு?"

இப்படி ஒரு விதி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. லெஸ்டர் தொண்டையைச் செருமினான்.

"இவர்" என்றாள் மினா.

யாரும் அவளை வற்புறுத்தவில்லை. லெஸ்டர் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை. அவன் என்ன சொல்லியிருப்பான் என்பதைப் பிறகு அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். அவளைக் கைகாட்டியிருக்கவும் கூடும், அவன் அப்படிப்பட்டவன்தான். அவள்தான் காத்திருக்கவில்லை.

அரசாங்கப் பட்டறையில் குளிர் அதிகம். கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் வரைந்து திரும்பக் கொண்டுவர அனுமதி உண்டு. லெஸ்டர் ஒரு பழைய பயணப்பெட்டியில் கல்லைப் போர்வை சுற்றி வைத்து டிராமில் எடுத்து வருவான். மினா ஒரு பக்கம் பிடிப்பாள். கண்டக்டருக்கு அவர்களைத் தெரியும்.

"என்னப்பா பெட்டியில? மாமியாரா?"

"மாமியாரோட கல்லறைக் கல்லு."

"அந்தம்மாவை நேத்துக்கூட மார்க்கெட்ல பாத்தேனே, கோழிக்காரனோட சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க."

"அதான் சொல்றேன். முன்னாடியே செஞ்சு வெச்சுக்கறோம்."

"ஏம்மா, உங்கம்மாவை இவரு இப்படிச் சொல்றாரு, நீயும் ஒரு பக்கம் தூக்கிட்டு வர்றியே!"

"கனம் அதிகம்ணே, ஒருத்தரால முடியாது" என்றாள் மினா.

முதல் குளிர்காலத்திலேயே லெஸ்டருக்கு நிமோனியா. பாதி வரைந்த கல் கூட இல்லை, வெறுங்கல் சமையலறை மேசையில் கிடந்தது. தவணை தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். அவனுடைய மாதிரித் தாள்களை வைத்துக்கொண்டு மினா வரைந்தாள். அவனுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, வந்து வரைவது. ஐந்தாறு நாளில் முடிந்தது. அவளுடைய தம்பி கல்லைப் பட்டறைக்குத் தூக்கிப் போனான். லெஸ்டர் தேறி வேலைக்குப் போனபோது மேற்பார்வையாளர் ப்ரூயிட், பாஸ்டன் பக்கத்து ஆள், அந்த அச்சைக் காட்டிக் கேட்டாராம்: "என்ன ஹோல்கம், காய்ச்சல்ல கையே மாறிப்போச்சா? கோடெல்லாம் நீளநீளமா, தூங்கி எழுந்த மாதிரி இருக்கே."

அன்று மாலை இருவரும் பயந்தார்கள். பிறகு மினா லெஸ்டரின் கோட்டைப் பழகினாள்.

அது சின்னக் கோடு. வலப்பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் மழை போல. முடியும் இடத்தில் ஒரு அழுத்தம். குச்சியை அவன் மேலிருந்து, கத்தியைப் பிடிப்பதுபோல் பிடிப்பான். கறிக்கடைத் தாளிலும் செய்தித்தாளின் ஓரத்திலும் மினா போட்டுப் போட்டுப் பார்த்தாள். பனி உருகும் சமயத்தில் கை பிடித்துவிட்டது. லெஸ்டருக்கு உடம்பு தேறியும் வேலை மெதுவாகத்தான் நடந்தது. எப்போதுமே அவன் மெதுவான ஆள். ஆகவே அவன் ஒரு கல், அவள் ஒரு கல் என்று ஆயிற்று. சிலசமயம் ஒரே கல்லில் இருவரும். அச்சு வந்ததும் சமையலறையில் விரித்துவைத்துக்கொண்டு விளையாட்டு.

"இந்த மூக்கு யாரு?"

"நீ."

"நான் இவ்வளவு பெரிய மூக்குப் போடுவேனா? நீதான். ஹங்கேரி மூக்கு."

"உங்க ஊர்ல மூக்கே கிடையாதே, உனக்கெப்படித் தெரியும்?"

படத்துக்குக் கீழே பென்சிலால் லெஸ்டர் தன் பெயரை எழுதுவான். அவன்தான் பதிவானவன். வேறு யார் பெயரை எழுத முடியும்?

நாற்பதில் பட்டறையை மூடினார்கள். லெஸ்டர் கிரேன் செய்யும் ஆலைக்குப் போனான், போர் முடிந்ததும் ஓவியப் பள்ளியில் ஆசிரியன் ஆனான். நிவாரண காலத்து அச்சுகள் நூலகங்களிலும் நீதிமன்றத் தாழ்வாரங்களிலும் தொங்கின. அவற்றைப் பார்த்துத்தான் அவனுக்கு அந்த வேலை கிடைத்தது. ஓவியப் பள்ளியில் ஆசிரியரின் மனைவிக்கு வேலை தருவதில்லை. அங்கேயும் வீட்டுக்கு ஒருத்தர். மினா பெண்கள் பள்ளிக்குப் போனாள்.

ஐம்பத்தொன்று கோடையில் லெஸ்டர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மிஷிகனுக்கு ஆறு வாரம் போனான். பள்ளியின் அடித்தளச் சாவி மினாவிடம் இருந்தது. நல்ல கல்லாக ஒன்றை எடுத்துத் தேய்த்து வழவழப்பாக்கினாள். என்ன வரைவது என்று முன்பே முடிவு செய்திருந்தாள். மாதா கோயில் திருவிழாவுக்கு அம்மாவும் இரண்டு பெண்களும் பெரிய மேசைமேல் ஹங்கேரிப் பலகாரத்துக்கு மாவை இழுத்து விரிப்பார்கள். அடியில் வைத்த துணியின் பூப்போட்ட கரை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இழுக்க வேண்டும். கிழியக்கூடாது. அந்த முதுகுகளையும் தூக்கிய முழங்கைகளையும் நேரில் போய் உட்கார்ந்து பலமுறை வரைந்து வந்திருந்தாள். லெஸ்டர் அதைப் பார்த்ததே கிடையாது.

முதல் மதியம், அம்மாவின் முதுகைப் போடும்போது, வலப்பக்கத்திலிருந்து மழை விழுந்தது.

தேய்த்தாள். குச்சியைக் கீழிருந்து பிடித்துப் பார்த்தாள். நின்றுகொண்டு போட்டாள். இடது கையால் போட்டாள். அப்படியெல்லாம் போட்டபோது கோடு செத்துக் கிடந்தது. உயிர் வந்த இடத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அது லெஸ்டர். நிவாரணப் பட்டறைக்கு முன்னால் தான் எப்படி வரைந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஓவியப் பள்ளிக்கால வரைபடங்கள் எல்லாம் ஒரு குளிர்காலத்தில் அடுப்புக்குப் போயிருந்தன. கோடை முடிவதற்குள் ஒரு கல்லை முடித்தாள். ஒரு பிரதி எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

லெஸ்டர் வந்தான். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. பையைக் கீழே வைக்குமுன் தாளை எடுத்து ஜன்னலருகே கொண்டுபோனான்.

"நல்லாருக்கே. இதை நான் எப்பப் போட்டேன்?"

கேலி செய்யவில்லை. நெற்றியைச் சுருக்கி ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"மினா. நீயா?"

"இல்ல. நீதான்."

"அட, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. ரொம்ப நல்லா வந்திருக்கு. கல்லைத் தேய்ச்சிடாத. இருபது காப்பி எடுக்கலாம். உன் பேரைப் போட்டுக்கோ."

"பேரைப் போட்டா மாறிடுமா?"

அவன் தொண்டையைச் செருமினான். பையைக் கீழே வைத்தான். மறுநாள் மினா பள்ளிக்குப் போய்க் கல்லைத் தேய்த்தாள். கையிலிருந்த பிரதியை லெஸ்டர் பத்திரப்படுத்தினான். எங்கே வைத்தான் என்று அவள் கேட்டதில்லை. அதன் பிறகு அவள் தனக்காகக் குச்சியை எடுக்கவில்லை.

லெஸ்டர் கெட்டவன் இல்லை. வயதாக ஆக விருந்துகளில், இரண்டு கிளாஸ் உள்ளே போனதும், மாணவர்கள் சூழ நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தான்: "அந்தப் படங்கள்ல பாதி இவளோடது. சத்தியமா." எல்லோரும் கைதட்டுவார்கள். என்ன அன்பான கணவர் என்று ஒரு பெண் மினாவின் தோளைத் தொட்டுச் சொல்வாள். மினா தன் குளிர்கால மேலங்கியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். காரில் சண்டை.

"உண்மையத்தானே சொன்னேன்?"

"எந்தப் பாதின்னு சொல்லு பாக்கலாம்."

அவன் வண்டியைக் கிளப்புவான். அறுபத்தெட்டாம் வருடம் இறந்துபோனான்.

எழுபத்தைந்தில் நகரத்து அருங்காட்சியகம் ஒன்று நிவாரண காலத்து அச்சுகளை வைத்துக் கண்காட்சி நடத்தப்போவதாக அறிவித்தது. அதைத் தயாரிக்கிறவர்களில் ஒருத்தி யூனிஸ் கேட்லின். பள்ளி முடிந்து ஓவியப் பள்ளியில் லெஸ்டரிடம் படித்தவள். இப்போது மூக்குக்கண்ணாடி, வெள்ளைக் கையுறை. மினாவை அருங்காட்சியகத்தின் கிடங்கறைக்கு அழைத்துப்போய் நீள மேசை முன்னால் உட்காரவைத்தாள். மேசை முழுக்க லெஸ்டர் ஹோல்கம்.

"பள்ளிக்கூடத்துல உங்கமேல எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா, மிஸ்ஸஸ் ஹோல்கம்? ஒரு கோடு போட மாட்டேன்னுட்டீங்க."

"அந்தத் தோளு இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு. படுமோசம்."

யூனிஸ் சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "ஹோல்கம் சாரே எங்களுக்குச் சொல்லியிருக்காரு, இதுல பாதி உங்களோடதுன்னு. எது எதுன்னு நீங்க சொன்னாப் போதும். சுவர்ல உங்க பேர் வரும். மேல பேசி ஒத்துக்க வெச்சிருக்கேன். நீங்க சொல்றதுதான் முடிவு."

இதை யாராவது கேட்க வேண்டும் என்று நாற்பது வருடமாக மினா விரும்பியிருந்தாள். எழுந்து மேசையோரமாக நடந்தாள். ரொட்டிக்கு நிற்கும் வரிசை. தாதுக் கப்பல். உலை வாய். பூட்டிய கடையின் முன்னால் ஒரு கிழவி. ஒவ்வொன்றின் முன்னும் நின்றாள். எல்லாவற்றிலும் அதே சாய்ந்து விழும் மழை. கிழவியின் கையைத் தான் போட்டது ஞாபகம் இருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தபோது ஞாபகம் நழுவியது. இந்த மூக்கு யாரு என்று கேட்டால் பதில் சொல்ல எதிரே ஆள் இல்லை.

மேசையின் கடைசியில், தனியாக ஒரு அட்டைமேல், வேண்டாம் என்று ஒதுக்கிய இரண்டு மூன்று தாள்கள் கிடந்தன. மேலே இருந்தது ஒரு பாலம். அதன் கோடுகள் நீளமாக, தளர்வாக, தாளின் குறுக்கே சோம்பலாகப் போயின. மினா நின்றுவிட்டாள்.

"இது நான்."

"இதுவா?" யூனிஸின் குரல் இறங்கிவிட்டது. "இது... இடம் வலமா விழுந்திருக்குன்னு எடுத்து வெச்சோம்."

"ஆமா. அவருக்கு நிமோனியா. கல்லுல இடம் வலமா வரைஞ்சாத்தான் தாள்ல நேரா வரும். அவரு காய்ச்சலுக்கு முன்னாடியே மாதிரியை அப்படித் திருப்பி வெச்சுட்டாரு. எனக்கு அது தெரியாது. அவரு ஆத்தங்கரையில உக்காந்து நேரா போட்டதுன்னு நினைச்சுக் கண்ணாடியில பாத்து நான் ஒருதடவை திருப்பினேன். கல்லுல பாக்க ரொம்பச் சரியா இருந்துச்சு. சரியா இருந்தா அது தப்புன்னு மூளைக்கு எட்டல. ப்ரூயிட் வெளியூர்க்காரரு, அவருக்கும் தெரியல."

யூனிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். மினா சிரிக்கவில்லை. இருபத்துநாலு வயதில் தனக்கு இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரமாதமான கை என்று சொல்ல முடியாது. தண்ணீரின் மேல் மட்டும் ஏதோ ஒன்று நடந்திருந்தது. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியவில்லை.

"சரி, இது ஒண்ணு" என்றாள் யூனிஸ். பிறகு மேசையின் நடுவிலிருந்த தாளைத் தொட்டாள். "இதைத்தான் எல்லாரும் முதல்ல பாப்பாங்க. கண்காட்சி அட்டையிலயும் இதான். எனக்கென்னமோ இது நீங்கன்னு தோணுது."

படத்தில் ஒரு பனிக்கட்டிக்காரன் பின்கட்டு மரப்படியில் ஏறிக்கொண்டிருந்தான். தோளில் தோல்விரிப்பு, அதன்மேல் கட்டி. உருகிய தண்ணீர் முதுகில் வழிந்து பின்பாக்கெட்டில் இறங்குகிறது. மேல் படியில் ஒரு பெண்ணின் செருப்பு மட்டும் தெரிகிறது. அது பக்கை ரோட்டு வீட்டுப் படி. மினா சமையலறையில் கல்லின்மேல் குனிந்து அந்த முதுகைப் போடுகிறாள், ஜன்னலில் ஆவி. அல்லது மினா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள், லெஸ்டர் கல்லின்மேல் குனிந்து அந்த முதுகைப் போடுகிறான், ஜன்னலில் ஆவி. இரண்டு ஞாபகமும் ஒரே தெளிவில் வந்தன.

"எழுதிடட்டுமா?"

ஆமாம் என்று சொல்லலாம். மறுக்க உயிரோடு யாரும் இல்லை. பாதி என்று அவனே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நல்ல பாதியில் ஒன்றை எடுத்துக்கொண்டால் என்ன?

"எழுதாத" என்றாள். "எனக்குத் தெரியல."

"ரெண்டு பேர் பேரையும் போடலாமே. எல்லாத்துக்குமே. அது நியாயம்தானே?"

"அவரு போட்டாரு. நான் அவரு மாதிரி போட்டேன். அது ரெண்டு பேர் போட்டதாகாது, யூனிஸ்."

"மிஸ்ஸஸ் ஹோல்கம், இந்த மேசை முழுக்க இருக்கு. உங்களுக்கு ஒரே ஒரு பாலம் போதுமா?"

"போதாது" என்றாள் மினா. கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

திறப்பு நாளன்று கூட்டம். பாலம் கதவோரச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. கீழே சின்ன அட்டையில் அவள் பெயர். கல்யாணத்துக்கு முந்தைய முழுப்பெயரை, ஹெர்மினா பாலிண்ட் என்று எழுதச் சொல்லியிருந்தாள். ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியவர், துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் போல இருந்தார், அதன் முன்னால் நின்று மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வா. இதைப் பாரு. ஆத்தோட மேற்குக் கரையில நின்னா ஏரி எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"இதுல பாரு, வடக்க இருக்கற ஏரி தெக்க போயிடுச்சு! யாரு இந்த அதிமேதாவி?"

மனைவி குனிந்து அட்டையைப் படித்தாள். "பொம்பளைப் பேரா இருக்கு."

"நான்தான்" என்றாள் மினா. இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். காது சிவந்துவிட்டது. "மன்னிக்கணும்மா. நான் சும்மா... நல்லாத்தான் இருக்கு. தண்ணி நல்லா இருக்கு."

"தண்ணி நல்லா இருக்கா?"

"இருக்கு, இருக்கு." மனைவியின் முழங்கையைப் பிடித்து நகர்த்தினார்.

இருவரும் அடுத்த சுவருக்குப் போனார்கள். பனிக்கட்டிக்காரன் முன்னால் பெரியவர் நின்றார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ள மறந்திருந்தார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் கையைக் காட்டி அடக்கினார். வெகுநேரம் அங்கேயே நின்றார். மினா கதவோரத்திலிருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.